நீலம் முடிகிற கோடு

கிண்ணியாவில் ஸுல்பிகாவின் கைவேலையை மெச்சாத பெண்களும் இல்லை, அவளுடைய வாய்க்குப் பயப்படாத பெண்களும் இல்லை. குரோசே ஊசியைக் கையில் எடுத்தாளென்றால் மேசை விரிப்போ, குழந்தைத் தொப்பியோ, கதிரை உறையோ, பேசிக்கொண்டே பின்னி முடிப்பாள். வாயைத் திறந்தாளென்றால் எதிரில் நிற்பவர் ஓட வழி தேடுவார். அப்பேர்ப்பட்டவள், மகள் ரிப்காவுக்குக் கலியாணம் பேசி முடித்த பிறகு, நாற்பத்தொரு வயதில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருவில் நடந்தால் ஊர் சும்மா இருக்குமா?

"உம்மாவும் மகளும் ஒண்டாப் புள்ள பெறப் போறாங்களாம்" என்று மதிலோரம் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஸுல்பிகா நின்று திரும்பினாள். "ஓம், உங்களுக்கும் வேணுமெண்டாச் சொல்லுங்க. ஆளுக்கொண்டு பெத்துத் தாறன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் வருகிற நேரத்தில் அந்த மதிலோரம் யாரும் நிற்கவில்லை.

வெளியில் அந்த வாய். உள்ளுக்குள் பயம். அந்த வீட்டில் கடைசியாகக் கைக்குழந்தை இருந்தது சுனாமி வந்த வருடம். இரட்டைப் பிள்ளைகள். முதலில் வந்தவன் அஸ்ஹான், அவனுக்குப் பின்னால் வந்தவள் ரிப்கா. எட்டு மாதம், தவழ்ந்து போய் எதையாவது பிடித்து எழும்பி நிற்கிற பருவம். பிள்ளைகள் இரண்டென்றாலும் ஏணை ஒன்றுதான். கூரை வளையில் கயிறு போட்டுச் சேலையைத் தொட்டிலாகக் கட்டிய ஏணை. ஆகவே ஆளுக்கொரு முறை. ஒன்று ஏணையில் தூங்கினால் மற்றது பாயில் விளையாடும். தூங்கியது எழும்பியதும் மற்றதின் முறை.

அன்று காலை ரிப்காவின் முறை. ஸுல்பிகா கிணற்றடியில் துணி அலம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவன் றஊப் வலையும் கயிறும் விற்கிற தன் கடைக்குச் சாமான் எடுக்கத் திருகோணமலை டவுனுக்குப் போயிருந்தான். கடல் வந்தது. கிணற்றடித் தென்னை ஸுல்பிகாவைப் பிடித்து வைத்திருந்தது. தண்ணீர் வடிந்து அவள் வீட்டுக்குள் ஓடியபோது ஏணை வளையில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதையும் தூக்கிக்கொண்டு எழும்பி, வடியும்போது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. உள்ளே ரிப்கா அழுதுகொண்டு கிடந்தாள். கீழே பாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. தேடாத இடமில்லை. அடக்கம் பண்ண ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை.

அஸ்ஹான் என்ற பெயர் அதன் பிறகு அந்த வீட்டில் புழங்கவில்லை. ரிப்கா சின்ன வயதில் ஒரு தரம் கேட்டாள். உம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அதோடு விட்டுவிட்டாள்.

பெயர் போனாலும் கோடு போகவில்லை. முன்னறைச் சுவரில், ஸுல்பிகாவின் நெஞ்சளவு உயரத்தில், கடல் வந்து நின்ற இடம் நேர்க்கோடாகப் பதிந்திருந்தது. றஊப் ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் பெயின்ற் அடிப்பான். மாரி தொடங்கியதும் கோடு பெயின்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கல்லுக்குள் உப்பு ஏறியிருக்கிறது, சுவரை இடித்தால்தான் போகும் என்று மேசன் சொன்னான். அதை இடிக்க றஊப்புக்கும் மனம் வரவில்லை, ஸுல்பிகாவுக்கும் வரவில்லை. ஏனென்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இப்போது சிக்கல் வேறு. அந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ரிப்காவின் கலியாணத்தோடு இந்த வீடும் அவள் பேருக்கு வரும். பிள்ளை பிறந்த நாற்பதாம் நாளுக்கு மாப்பிள்ளையின் தாய் ஜெஸ்மின் பிள்ளை பார்க்க வருவாள். பிள்ளை பார்க்கிற சாட்டில் வீட்டைத்தான் பார்ப்பாள், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அந்தக் கோடு அவள் கண்ணில் படக்கூடாது என்று ரிப்கா துடித்தாள். ஒரு நாள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். வெளிநாட்டு வீடொன்றின் சுவரில், பெரிய பெரிய நிறக் கட்டங்களாகப் பின்னிய குரோசே தொங்கல்.

"உம்மா, இப்பிடி ஒண்டு பின்னித் தாங்களேன். சுவரையும் மறைக்கும், வடிவாவும் கிடக்கும்."

"சுவரை மறைக்கிற அளவுக்குப் பின்ன நான் என்ன, மெசினா?" என்று ஸுல்பிகா எரிந்து விழுந்தாள். ஆனால் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். கால் வீங்கி, நடக்க ஏலாமல் கதிரையில் கிடந்த நாட்கள். கைக்கு வேலை இல்லாவிட்டால் மனது எங்கெங்கோ போகிறது. றஊப் டவுனிலிருந்து தடித்த பருத்தி நூலாக வாங்கிக்கொண்டு வந்தான். கீழே கருநீலம், நடுவில் மணல் நிறம், மேலே வெள்ளை. மூன்றே கட்டம்.

கோடு சுவரின் நீளத்துக்கும் ஓடியது. எவ்வளவு பெரிதாகப் பின்னினாலும் இரண்டு பக்கத்திலும் அது எட்டிப் பார்க்கும். அதற்குத்தான் ஸுல்பிகா ஒரு யோசனை வைத்திருந்தாள். நிலத்திலிருந்து கோடு வரைக்கும் நூலைப் பிடித்து அளந்தாள். தொங்கல் முழங்கால் உயரத்தில் தொடங்க வேண்டும். நீலம் சரியாக அந்தக் கோட்டில் முடிய வேண்டும். மணல் நிறம் அங்கே தொடங்க வேண்டும். அப்படி வந்தால் சுவரில் தெரிகிற மிச்சக் கோடும் தொங்கலின் டிசைன்தான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

"கொஞ்சம் ஏத்தியோ இறக்கியோ போடன், ஸுல்பி. அதே இடத்துல என்னத்துக்கு?" என்றான் றஊப்.

"நேரா வந்தாத்தான் வடிவு. உங்களுக்கு வலையும் கயிறும்தான் தெரியும், சும்மா கிடங்க."

அவன் சும்மா கிடந்தான். அந்த வீட்டில் அவன் அதிகம் செய்த வேலை அதுதான். தொங்கல் முடிந்து, தடியில் கோத்து, சுவரில் ஏறியபோது ரிப்கா கை தட்டினாள். நீலம் கோட்டில் வந்து அப்படியே உட்கார்ந்தது, ஒரு நூல் பிசகில்லை. ஸுல்பிகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கிழமையே இடுப்பு நோவெடுத்தது.

ஆண் பிள்ளை. பெயர் வைக்கிற நாளில் றஊப் தயங்கித் தயங்கி, "அஸ்ஹான் எண்டே வைப்பமா?" என்று கேட்டான். இருபது வருடத்துக்கு மேலாக அவன் வாயில் வராத பெயர். ஸுல்பிகா பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி, "அந்தப் பேருக்கு ஆள் இரிக்கு" என்றாள். அஷ்பாக் என்று வைத்தார்கள்.

பிள்ளை பெற்றவள் நாற்பது வரைக்கும் வாசலைத் தாண்டக் கூடாது. முன்னறையில்தான் அவளுக்குக் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் அஷ்பாக்கின் ஏணை, எதிர்ச் சுவரில் தொங்கல். பத்தியக் கறியும் மருந்துத் தண்ணியும் ரிப்கா பார்த்துக்கொண்டாள். ஸுல்பிகாவுக்குச் சுவரைப் பார்ப்பதைத் தவிர வேலையில்லை.

குரோசேக்கு ஒரு குணம் உண்டு. பாரம் விழுந்த இடம் தொய்யும். அதனால்தான் அவள் ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கி இறுக்கிப் போட்டிருந்தாள். ஒரு காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவளின் கண் தொங்கலின் கீழ்க்கரைக்குப் போயிற்று. அந்தக் கரை இரண்டு இடத்தில் தொய்ந்து கிடந்தது.

"ரிப்கா! இதை ஆர் புடிச்சு இழுத்தது?"

"நான் என்னத்துக்கு உம்மா முழங்காலுக்குக் கீழ குனிஞ்சு இழுக்கிறன்? பூனையா இரிக்கும்."

பூனைதான் என்று ஸுல்பிகாவும் சொல்லிக்கொண்டாள். ரிப்காவைக் கொண்டு ஈரத்துணி போட்டு அயர்ன் பண்ணி நேராக்கினாள். மறுநாள் காலை, அதே நேரம், அதே இரண்டு இடம். பூனை இழுத்தால் நகம் பட்டு நூல் பிரியாதா? இதில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. இரண்டு தொய்வுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. தவழ்ந்து வருகிற பிள்ளை இரண்டு கையாலும் பிடித்து எழும்பி நின்றால் எப்படித் தொய்யுமோ அப்படி. அது ஸுல்பிகாவுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், "சனியன் புடிச்ச பூனை" என்று உரக்கத் திட்டினாள்.

பிறகு அலுமாரி. கீழ்த்தட்டில் மடித்து வைத்த பிள்ளைத் துணிகள் ஈரமாக இருந்தன. மேல்தட்டில் இருந்தவை காய்ந்து மொறுமொறுவென்று இருந்தன. கீழ்த்தட்டுத் துணியை ரிப்கா வெயிலில் போட்டு எடுத்தால் விறைத்துப்போய் வெள்ளை பூத்திருந்தது. ஸுல்பிகா நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. கட்டில் காலில் உப்பு, கதவில் உப்பு, கதிரைக்கு அடியில் ஒரு கைப்பிடி மணல். எல்லாம் நீலம் முடிகிற கோட்டுக்குக் கீழே. கோட்டுக்கு மேலே அறை எப்போதும் போல இருந்தது. மின்விசிறி சுற்றியது, கலண்டர் ஆடியது, கூரையில் பல்லி கத்தியது.

"மாரி காலத்துக் குளிர்ச்சி" என்றான் றஊப். ஸுல்பிகா மறுத்துப் பேசவில்லை. அவள் மறுத்துப் பேசாததைக் கண்டதும் றஊப்புக்குத்தான் முதலில் பயம் பிடித்தது.

அடுத்த நாள் காலை அவள் பின்பக்கம் முகம் கழுவப் போய்த் திரும்பினாள். முன்னறை வாசலில் கால் நின்றுவிட்டது. பிள்ளை இருக்கிற ஏணை பாரத்தில் இழுபட்டு, கயிறு விறைத்து நிற்கும். இந்த ஏணையின் கயிறு இரண்டும் தளர்ந்து வளைந்து கிடந்தன. ஏணை தொங்கவில்லை. கீழிருந்து எதுவோ தாங்க, கோட்டின் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. மெல்ல ஒரு பக்கம் போய், மெல்ல இந்தப் பக்கம் வந்தது. அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நிலம் காய்ந்திருந்தது. உள்ளே அஷ்பாக் விழித்துக் கிடந்து, ஏணையின் விளிம்புக்கு மேலால் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யா அல்லாஹ்!" என்று ஓடிப்போய் ஏணைக்கு அடியில் கையை விட்டாள். ஐஸ் குளிர். பிள்ளையை வாரி எடுத்த கணத்தில் ஏணை தொப்பென்று கீழே விழுந்து கயிறு விறைத்தது. பிள்ளையின் முதுகு காய்ந்திருந்தது. அவளுடைய கை முழங்கை வரைக்கும் நனைந்து சொட்டியது.

கட்டிலையும் ஏணையையும் உடனே குசினிக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். றஊப் யாசீன் ஓதித் தண்ணீரில் ஊதி நாலு மூலையிலும் தெளித்தான். பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம்வரை எல்லாரும் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன் அந்த அறைச் சுவரிலும், ஸுல்பிகாவின் நெஞ்சளவில், ஈரமாக ஒரு கோடு விழுந்தது. கடல் வந்த நாளில் அங்கே கோடு விழ வழியே இல்லை. அப்போது அந்த அறையே கட்டியிருக்கவில்லை.

"இந்தத் தொங்கல் ஏறின நாளில இருந்துதான் எல்லாம்" என்றாள் ரிப்கா அழுதுகொண்டே. "என்னாலதான் உம்மா. நான் கேட்டதாலதான்."

"ஒன்னால ஒண்டுமில்ல. அழாத. நீ போய் அடுப்பைப் பார்" என்று அவளை அனுப்பிவிட்டு ஸுல்பிகா தொங்கலைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னாள். நீலத்தைக் கடலின் கோட்டிலேயே கொண்டுபோய் நிறுத்தியது அவள் கைதான். சுவருக்குள் கிடந்த கோட்டுக்கு நூலெடுத்து உயிர் கொடுத்ததும் அவள் கைதான். அந்தக் கையாலேயே அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தாள். றஊப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

குரோசேயை நினைத்த பக்கத்திலிருந்து உருவ முடியாது. கடைசியாகப் போட்ட கண்ணியில் இழுத்தால்தான் வரும். நீலத்தில் தொடங்கி வெள்ளையில் முடித்திருந்தாள். ஆகவே வெள்ளைதான் முதலில் போக வேண்டும். முடிச்சை வெட்டி இழுத்தாள். வெள்ளை சரசரவென்று உதிர்ந்து மடியில் குவிந்தது. பிறகு மணல் நிறம். ஒரு வரி, இரண்டு வரி. உருவ உருவக் காது அடைத்துக்கொண்டு வந்தது. குசினியில் ரிப்கா எதையோ போட்ட சத்தம் வெகு தொலைவிலிருந்து கேட்டது. ஸுல்பிகா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். ஈரக்கோடு மேலே ஏறியிருந்தது. இன்னும் இழுத்தாள், இன்னும் ஏறியது. திரும்பினாள். றஊப்பின் நெஞ்சில் அஷ்பாக் வாயை அகலத் திறந்து, முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க அழுதுகொண்டிருந்தான். சத்தமே வரவில்லை.

கையிலிருந்த நூலை அப்படியே முடிச்சுப் போட்டு நிறுத்தினாள். பிள்ளையின் அழுகை திடீரென்று காதைக் கிழித்தது.

அப்போது அவளுக்கு விளங்கிற்று. மேலே இருக்கிற மணல் தரையை முழுக்க எடுத்தால்தான் கீழே இருக்கிற கடலில் கை வைக்கலாம். அதற்குள் பிள்ளை மூழ்கிவிடும். மடியில் நீலம் முழுதாகக் கிடந்தது. அதன் தலையில் மணல் நிறம் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் மிச்சமிருந்தது.

றஊப் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒரு உரப்பையை எடுத்துவந்தான். "தா இஞ்ச. கிண்ணியாப் பாலத்தில இருந்து வீசிட்டு வாறன். கடல்ட சாமான் கடலுக்கே போகட்டும்."

"தர மாட்டன்."

"ஸுல்பி, விசர்க் கதை கதைக்காத. புள்ளைட உசிரு."

"இஞ்சாருங்க, கடலுக்குக் குடுத்தது காணும், போதும்!" என்று கத்தினாள் ஸுல்பிகா. "இனி ஒரு முழ நூல் குடுக்க மாட்டன். நீங்க கடலெண்டு நினைக்கிறீங்க. கடலுக்குக் கை இரிக்கா? இந்தக் கரையைப் புடிச்சு எழும்பி நிக்கிறானே, அவனுக்குக் கை இரிக்கு. நான் அந்தக் கையைக் கழுவினவள். எனக்குத் தெரியாதா?"

றஊப் உரப்பையைப் பிடித்தபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டான். "மௌத்தான புள்ளைகள் சுவர்க்கத்துல இரிக்கும், ஸுல்பி. சுவருக்குள்ள இராது" என்றான்.

"அங்க இரிக்கிறவன் நல்லா இரிக்கட்டும். இஞ்ச வந்து நிக்கிறவனுக்கு நான் என்ன சொல்ல?" அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. "அவன் ஒண்டும் செய்ய வரல்ல. தம்பி ஏணையில கிடக்கிறதைப் பாக்கிறான். தங்கச்சி எழும்பினாப் பொறகு அவன்ட முறை. அவனுக்கு முறை வரவே இல்ல. அவ்வளவுதான்."

றஊப் எழும்பிக் கடைக்குப் போய், நல்ல நைலோன் கயிறாகப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்தான்.

கட்டிலும் ஏணையும் திரும்ப முன்னறைக்கு வந்தன. அஷ்பாக்கை அவனுடைய ஏணையில் போட்டு, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஸுல்பிகா சொல்லச் சொல்ல, றஊப் நீலத்தை இரட்டையாக மடித்தான். இரண்டு முனையையும் கொய்து சேர்த்து, வலைக்காரர்கள் போடுகிற முடிச்சைப் போட்டான். வளையில் பழைய ஏணைக் கொக்கி துருவேறிக் கிடந்தது. அதில் கயிற்றைக் கோத்தான். மணல் நிறக் கரை மேல் விளிம்பாக வரும்படி அவள் இழுத்துச் சரிசெய்தாள். அஷ்பாக்கின் ஏணைக்குப் பக்கத்தில், ஆடினால் முட்டாத தூரத்தில், நீல ஏணை வெறுமனே தொங்கியது.

அஷ்பாக்கின் கயிறு தளரத் தொடங்கியிருந்தது. அவள் பிடித்திருந்த கைக்குக் கீழே குளிர் ஏறி வந்தது.

ஸுல்பிகா மற்றக் கையால் நீல ஏணையின் வாயை அகட்டிப் பிடித்தாள். ஊரெல்லாம் பயப்படுகிற வாய் ஒரு பெயரைச் சொல்ல முடியாமல் திணறியது.

"அஸ்ஹான்" என்றாள். "மகன். வா, தங்கம். தங்கச்சிட முறை எப்பவோ முடிஞ்சிது. இப்ப ஒன்ட முறை."

ஒன்றும் நடக்கவில்லை. வெளியில் மீன்காரனின் மோட்டார் சைக்கிள் கூவிக்கொண்டு போயிற்று. பிறகு நீல ஏணையின் விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்தது, சின்ன முழங்கால் ஒன்று அதில் ஏறுகிற மாதிரி. கண்ணிகள் ஒவ்வொன்றாக விரிந்தன. இறுக்கி இறுக்கிப் போட்ட கண்ணிகள். நைலோன் கயிறு கொக்கியில் கிறீச்சென்று இழுபட்டு விறைத்தது. ஏணையின் அடி மெதுவாகத் தொய்ந்து தொய்ந்து, ஒரு பிள்ளை சுருண்டு படுக்கிற அளவுக்கு வந்து நின்றது. அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முதலில் தாரையாக, பிறகு துளித்துளியாக. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அஷ்பாக்கின் ஏணை தன் பாரத்தில் கீழே இறங்கிக் கயிறு விறைத்தது. அவன் பாலுக்கு அழத் தொடங்கினான். சுவரில் கோடு காய்ந்து, உப்பாக உதிர்ந்து கொட்டியது.

வாசலில் ரிப்கா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கையில் அகப்பை. நீல ஏணையைப் பார்த்து அவள் பயப்படவில்லை என்பதுதான் ஸுல்பிகாவுக்கு ஆச்சரியம். கிட்ட வந்து, எட்டிப் பார்க்காமல், கயிற்றை மட்டும் ஒரு விரலால் தொட்டாள்.

"என்னை மாதிரியா இருந்தான் உம்மா?"

"மூக்கு ஒன்ட மூக்கு" என்றாள் ஸுல்பிகா. "குணம் வாப்பாட குணம். எதுக்கும் பொறுத்துக் கிடப்பான்."

றஊப் கதிரையில் இருந்தபடி முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு அலுமாரி நனையவில்லை. துணியில் உப்புப் பூக்கவில்லை. காலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் இரண்டு ஏணையையும் ஆட்டுவது அந்த வீட்டின் வழக்கமாயிற்று; ஒரு காலால் ஒன்று, ஒரு கையால் மற்றது. அஷ்பாக் பால் குடித்துப் பெருக்கப் பெருக்க அவனுடைய ஏணை நாளுக்கு நாள் அதிகம் தொய்ந்தது. நீல ஏணை முதல் நாள் தொய்ந்த அளவிலேயே நின்றது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நாற்பதுக்கு ஜெஸ்மின் வந்தாள். பலகாரத் தட்டும், பிள்ளைக்குச் சட்டையும், கூட இரண்டு உறவுக்காரப் பெண்களும். பிள்ளையைக் கொஞ்சினாள், மாஷா அல்லாஹ் சொன்னாள், கண்ணை மட்டும் அறை முழுக்க ஓட்டினாள். சுவர் பால் போலச் சுத்தமாக இருந்தது. ரிப்கா வாசலோரம் விரலை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"வீடு நல்ல வடிவாக் கிடக்கு, மச்சி" என்றாள் ஜெஸ்மின். "இதென்ன, நீலத்துல ஒரு ஏணை? நீங்க பின்னினதா? இப்ப வீட்டு அலங்காரத்துக்கு இப்பிடித்தானாம் தொங்க விடுறாங்க. போன்ல பாத்தனான்." சொல்லிக்கொண்டே கையிலிருந்த ஹேண்ட்பேக்கை அதற்குள் வைக்கப் போனாள்.

"மச்சி! அதுல வைக்க வேணாம்" என்றாள் ஸுல்பிகா. "ஆள் இரிக்கு."

கூட வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பஸ்ஸில் இடம் பிடித்த மாதிரியல்லவா சொல்கிறாள், இவளுடைய வாயே வாய் என்று ஒருத்தி மற்றவளின் தோளில் அடித்தாள். ஜெஸ்மினும் சிரித்துக்கொண்டுதான் ஏணையின் அடியில் கையை வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் நாலு பிள்ளை பெற்றவள். கைக்குத் தெரிந்த பாரம் அது, கைக்குத் தெரிந்த சூடு. ஹேண்ட்பேக் நழுவி நிலத்தில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. கூட வந்தவர்கள் பலகாரத் தட்டைத் திறந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெஸ்மின் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை தன்பாட்டுக்கு ஆட்டத் தொடங்கியது.

"எத்தின மாசம், மச்சி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள், தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாதென்று.

"எட்டு" என்றாள் ஸுல்பிகா, தேத்தண்ணியை நீட்டியபடி.